மூன்று பதினாலு நாட்கள்

அட்டைப்பெட்டி ஆலையில் மழைக்காலம் வந்தால் எல்லாருக்கும் எரிச்சல் வந்துவிடும். தாளில் ஈரம் ஏறி, ஒட்டிய அட்டை படகு மாதிரி வளைந்துகொள்ளும். பசை காயாது. சூப்பர்வைசர் எங்களைத் திட்டுவார், நாங்கள் மெஷினைத் திட்டுவோம். அப்படிப்பட்ட நாட்களில் பன்னிரண்டரை மணிச் சங்கு ஒன்றுதான் ஆறுதல். கேன்டீன் கதவைத் தள்ளினால் ஆவியும் வதங்கிய வெங்காய வாசனையும் முகத்தில் வந்து மோதும். அண்டாவுக்குப் பின்னால் கரண்டியக்கா நின்றிருப்பார்.

முந்நூறு பேருக்கும் அவர்தான் பரிமாறுவார். ஆள் முகத்தைப் பார்த்துத்தான் கரண்டி சாயும். லோடு ஏற்றுகிறவர்களுக்கு ஒன்றரைக் கரண்டி, ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முக்கால். அதனால்தான் அந்தப் பெயர். விடியற்காலையிலேயே வந்து, ஒரு மூட்டை வெங்காயம் உரித்து, பருப்பு வேகவைத்து, இரண்டு பெண்களையும் பாத்திரம் கழுவுகிற ஒருவரையும் வைத்துக்கொண்டு அவ்வளவு பேருக்கும் சமைத்துவிடுவார். வெட்டும்போது மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பார். அது அவர் நிற்கிற தோரணை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

நான் அவர் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். அதனால் எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஒன்பது வருஷமாக அவருக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல். சாப்பிட்டால் உப்பிக்கொள்ளும், சாப்பிடாவிட்டால் எரியும். போன வருஷம் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் எதுவும் இல்லை, இரைப்பையின் உள்பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது, நாள்பட்ட அழற்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பிருந்தே அமிலத்தைக் குறைக்க, வெறும் வயிற்றில் தினம் ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டும் எரிச்சல் போகவில்லை. போகவில்லை என்று அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் லிஃப்ட் கிடையாது, ஆனாலும் தெரு முழுக்க அவர் லிஃப்ட்காரர்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்லைங்க. சுவர் ஜில்லுன்னு இருக்கு, அதான்."

"மழையில ஊரே விறைச்சுப் போய்க் கிடக்கு, உனக்கு ஜில்லுன்னு வேணுமா?"

மறுநாளே புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். பழைய காகிதங்களை எல்லாம் அந்த அம்மா பொறுமையாகப் புரட்டினார்.

"குழாய் விட்டுப் பார்த்தப்போ நீங்க மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"ஆமாங்க."

"அதான். வயித்துல ஒரு கிருமி இருக்கலாம். இத்தனை வருஷமா எரியுதுன்னா அதைப் பார்த்தே ஆகணும். ஊசி கிடையாது, குழாய் கிடையாது, ஒரு பையில மூச்சு ஊதினா போதும். ஆனா அதுக்கு முன்னாடி பதினாலு நாள் இந்த அமில மாத்திரையைத் தொடக் கூடாது. இதைப் போட்டா கிருமி பதுங்கிக்கும், டெஸ்ட்ல தெரியாது. ரொம்ப எரிஞ்சா இந்த வெள்ளை மருந்தைக் குடிச்சுக்கங்க. டெஸ்ட்டுக்கு முதல் நாள் அதுவும் வேண்டாம்."

லிஃப்ட்காரர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அக்காவுக்குக் காதில் விழுந்தது இரண்டே வார்த்தைதான். ஒன்று கிருமி. இன்னொன்று பதுங்கிக்கும்.

கிருமி என்ற சொல் அவரை ஏன் அப்படி உலுக்கியது என்று கேன்டீனில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே காய் நறுக்குகிறவர் ஒருவர் இருந்தார். மஞ்சள் காமாலை வந்து, குணமாகி, டாக்டர் கடிதத்தோடு திரும்பி வந்தார். கடிதம் என்ன, கல்வெட்டே கொண்டுவந்தாலும் யார் கேட்பது? அவர் தொட்ட ரொட்டியை ஒருவரும் எடுக்கவில்லை. மேனேஜர் அவரைக் குடோனுக்கு மாற்றினார். ஒரே மாசத்தில் மனுஷன் தானாகவே நின்றுவிட்டார். போன பிறகும் கேன்டீனில் அவருக்குப் பெயர் 'மஞ்சள்' என்றே நிலைத்துப்போனது. அவர் விட்டுப்போன பலகையில் அடுத்த நாள் காய் நறுக்கியது கரண்டியக்காதான்.

முந்நூறு பேருக்குச் சோறு போடுகிறவள் வயிற்றில் கிருமி என்று தெரிந்தால் என்ன ஆகும்? இதை டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அதையும் எங்காவது எழுதி வைத்துவிடுவார்களோ என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பதினாலு நாளும் லிஃப்ட்காரர் காலண்டரில் தினம் ஒரு கட்டத்தைப் பேனாவால் அடித்துவந்தார். மனைவிக்குத் துணையாகத் தானும் காப்பியை விட்டார். காரம் இல்லாமல் வேகவைத்த உருளைக்கிழங்கையும் கஞ்சியையும் சாப்பிட்டார். "ஆஸ்பத்திரில அட்மிட் ஆன மாதிரியே இருக்கு தம்பி" என்று மாடிப்படியில் என்னிடம் புலம்புவார். ஆனால் காப்பியைத் தொடவில்லை. காலையில் தலைவலியோடு தடுமாறிக்கொண்டே வேலைக்குப் போவார்.

அக்கா தினம் காலையில் கேன்டீன் ஸ்டோர் ரூமுக்குள் போய், ஏப்ரன் பைக்குள் மடித்து வைத்திருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தார்.

பதினைந்தாம் நாள் காலையில் இருவரும் வெறும் வயிற்றோடு போனார்கள். அக்காதான் சாப்பிடக் கூடாது, லிஃப்ட்காரரும் சாப்பிடவில்லை. டெஸ்ட் எடுக்கும் பெண் சின்ன வயசு, சுறுசுறுப்பானவள்.

"இந்த ரெண்டு வாரத்துல அமில மாத்திரை எதுவும் போட்டீங்களாம்மா?"

"இல்லைம்மா."

"நான் சாட்சி" என்றார் லிஃப்ட்காரர். "பதினாலு நாள். ஒரு நாள் தப்பல. வேணும்னா காலண்டரைக் கொண்டுவந்து காட்டறேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒரு பையைக் கொடுத்தாள். அக்கா ஊதினார். பிறகு புளிப்பாக ஒரு தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து அரை மணி நேரம் உட்காரச் சொன்னாள். மேசையில் ஒரு துண்டறிக்கை கிடந்தது. அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயசிலேயே, வீட்டுக்குள்ளேயே, வாய் வழியாகத் தொற்றிக்கொள்கிறது என்று அதில் இருந்தது. பக்கத்தில் லிஃப்ட்காரர் ஏதோ ஒரு கட்டிடத்தில் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வக்கீல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா துண்டறிக்கையைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொரு பையில் ஊதினார்.

கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா மட்டும் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

லிஃப்ட்காரர் தெருவில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை வரச் சொன்னார். என்னையும் கீழே சாப்பிடக் கூப்பிட்டார். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். பத்து மாசக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நனைந்த குடையோடு வந்து சேர்ந்தாள்.

அந்தக் குழந்தை அக்கா கையால் என்றால்தான் வாயைத் திறக்கும். மசித்த கிழங்கை ஸ்பூனில் எடுத்து, ஊதி, சூடு பார்க்கத் தன் உதட்டில் ஒரு தரம் ஒற்றி, அப்புறம் குழந்தை வாயில் வைப்பார். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"இந்தாம்மா, ஊட்டு" என்று மகள் கிண்ணத்தை நீட்டினாள்.

"நீயே ஊட்டு."

"உன் கையில்லாம இவ சாப்பிடமாட்டா."

"இன்னைக்கு எனக்குக் கை வலி."

"வெங்காயம் உரிக்கக் கை வலிக்கல, பேத்திக்கு ஊட்டத்தான் வலிக்குதா? ரெண்டு வாரமா ஃபோன்லகூடச் சரியாப் பேசல. நான் என்னம்மா பண்ணினேன்?"

குழந்தை அக்காவைப் பார்த்துக் கையை நீட்டியது. அக்கா கிண்ணத்தையும் ஸ்பூனையும் வாங்கினார். கிழங்கை எடுத்தார். பழக்கதோஷத்தில் ஸ்பூன் உதட்டருகில் போனது. அங்கேயே நின்றது. கிண்ணத்தை வைத்த வேகத்தில் அது மேசையில் உருண்டது.

"நான் மாத்திரை போட்டேன்" என்றார்.

"எந்த மாத்திரை?" என்றார் லிஃப்ட்காரர்.

"அதேதான். பதினாலு நாளும் போட்டேன். ஒரு நாள்கூட விடல. அந்த ரிசல்ட் பொய். உள்ள இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. என் எச்சில் குழந்தை வாய்க்குப் போக வேண்டாம்."

நான் மெதுவாக எழுந்திருக்கப் பார்த்தேன். "உக்காரு தம்பி" என்றார் லிஃப்ட்காரர், என்னைப் பார்க்காமலே. நான் உட்கார்ந்தேன். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற மனுஷன் பேசாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "பதினாலு நாள் நான் காப்பி குடிக்கல."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள் அழுதாள். "எதுக்கும்மா இப்படிப் பண்ணினே?"

"அந்த மஞ்சளுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தவ நான். இருக்குன்னு வந்தா என்னை அண்டா பக்கம் விடுவாங்களா? கரண்டியை வாங்கிட்டா அப்புறம் நான் யாரு?"

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றார் லிஃப்ட்காரர். குரல் உயரவில்லை. "முப்பது வருஷமா நான் பார்க்கிறேன். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் கதவைத் தட்டறான், கத்தறான், அழறான். அதை வச்சுத்தான் எந்த மாடியில நிக்குதுன்னே நான் கண்டுபிடிக்கறேன். நீ ஒன்பது வருஷமா உள்ளேயே நிக்கறே. ஒரு தட்டு தட்டலையே. சுவர் ஜில்லுன்னு இருக்குங்கறே. நான் எந்தக் கதவைத் திறக்கறது?"

அக்கா உருண்ட கிண்ணத்தை எடுத்து, சிந்திய கிழங்கைத் துடைத்தார். லிஃப்ட்காரர் எழுந்து போய் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம். சொல்றதை நீயே சொல்லு. நான் சாட்சி சொன்னது போதும்."

டாக்டரம்மா திட்டுவார் என்று இருவரும் எதிர்பார்த்துப் போனார்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சமைக்கிற வேலைன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எழுதி வச்சுடுவீங்களோன்னு..."

"உலகத்துல கிட்டத்தட்ட பாதிப் பேர் வயித்துல இது இருக்கும்மா. இந்தத் தெருவுல பத்துப் பேரை நிறுத்தி ஊதச் சொன்னா நாலஞ்சு பேருக்கு இருக்கும். கொதிக்கிற அண்டாவுல இது நிக்காது. கையை நல்லாக் கழுவுங்க, ருசி பார்த்த ஸ்பூனைத் திரும்ப உள்ள விடாதீங்க. எப்பவுமே செய்யறதுதானே? அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. வேலையை விடச் சொல்ற வியாதி இல்லை இது."

அக்கா மூடியிருந்த பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார். "இதை ஒரு காகிதத்துல எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார்.

இரண்டாவது பதினாலு நாள் அன்றைக்கே தொடங்கியது. மாத்திரையை நிறுத்திய மூணாம் நாளிலிருந்து எரிச்சல் அடங்காமல் கிளம்பியது. வெள்ளை மருந்து குடித்தால் அரை மணி நேரம் அடங்கும், அப்புறம் மறுபடியும் எழும்பும். அவர் வெங்காயம் நறுக்கும்போது முகம் வியர்ப்பதை உருளைக்கிழங்கு வெட்டுகிற பெண் பார்த்துவிட்டாள். "என்னக்கா, மாசமா இருக்கியா?" என்று கேட்டாள். அப்படிப்பட்ட வாய் அவளுக்கு. அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். பிறகு ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தை மேனேஜர் இரண்டு தடவை படித்தார். படிக்கும்போதே அவர் நாற்காலி ஒரு சாண் பின்னால் போனது. அவருக்கே தெரியாமல்தான் போனது என்று அக்கா பிறகு சொன்னார். "டாக்டரே எழுதிட்டாங்கன்னா எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். அடுத்த நாளிலிருந்து வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆரம்பித்தார்.

விஷயம் ஆலை முழுக்கப் பரவ ஒரு ஷிப்ட் போதுமானதாக இருந்தது. பசைப் பிரிவில் இரண்டு பேர் வெளியே ரொட்டி வாங்கித் தின்றார்கள். வரிசை கொஞ்சம் குட்டையானது. லோடு ஏற்றுகிற ஒருவர், "அக்கா, கிருமிக்கும் சேர்த்து ரெண்டு கரண்டியாப் போடுங்க" என்றார். நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்துக்கொண்டே போட்டார். அன்று சாயங்காலம் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாராம். உருளைக்கிழங்குக்காரிதான் சொன்னாள்.

இந்தத் தடவை ஊதிய மூச்சில் கிருமி இருந்தது. அதுவும் நிறைய இருந்தது. லிஃப்ட்காரரும் ஊதிப் பார்த்தார், அவருக்கு இல்லை. "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு ஒண்ணும் தரமாட்டேன்னுட்டா பாரு" என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாவது பதினாலு நாள்தான் எல்லாவற்றிலும் கொடுமை. காலையில் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி மாத்திரை. நடுவில் ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வயிறு போனது. அதைவிட மோசம், வாயில் ருசி செத்துப்போனது.

"வாயில சாவிக்கொத்தைப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு தம்பி. உப்பும் தெரியல, புளிப்பும் தெரியல. எல்லாம் இரும்பு."

முதல் இரண்டு நாள் பாத்திரம் கழுவுகிறவரைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னார். அவர் எதைக் கொடுத்தாலும் "சரியா இருக்கு" என்பார். மூணாம் நாள் பருப்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. அதற்கும் "சரியா இருக்கு" என்றிருக்கிறார். முந்நூறு பேரும் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினோம். சூப்பர்வைசர் கேன்டீனுக்கு வந்து சத்தம் போட்டார். அடுத்த நாளிலிருந்து ருசி பார்க்கிற வேலை உருளைக்கிழங்குக்காரிக்குப் போனது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, "தூ, இதை மனுஷன் தின்பானா?" என்பாள். அக்கா மறு பேச்சில்லாமல் அவள் சொன்னபடி உப்போ தண்ணீரோ சேர்ப்பார். தன் நாக்கை மட்டும் நம்பி அத்தனை வருஷம் சமைத்தவர் அடுத்தவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கரண்டியோடு காத்து நிற்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. அவருக்கு அது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்று பிறகுதான் சொன்னார். "கேட்டா சொல்றாங்க தம்பி. இவ்வளவு நாள் கேக்கத்தான் தெரியல."

மருந்து முடிந்து ஒரு மாசம் விட்டு, அமில மாத்திரை இல்லாமல் இருந்து, மறுபடியும் போய் ஊதினார். கிருமி போய்விட்டது. லிஃப்ட்காரர் இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து காப்பி போட்டு, எனக்கும் ஒரு டம்ளர் மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மழை விட்ட வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஆனால் பத்து நாளில் எரிச்சல் திரும்ப வந்தது. முன்னளவுக்கு இல்லை, ஆனாலும் எரிச்சல்தான். அக்கா இடிந்துபோய் டாக்டரிடம் போனார்.

"கிருமி போயிடுச்சும்மா. அது இத்தனை வருஷமா பண்ணி வச்ச வேலை இருக்கே, அது மெதுவாத்தான் ஆறும். மாசக்கணக்காகும். சில பேருக்குக் கொஞ்சம் மிச்சமே இருக்கும். சொன்னீங்களே, தோள் வலிக்குன்னு கடையில வாங்கிப் போடற வலி மாத்திரை, அதை விடுங்க. நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுங்க. எரிஞ்சா நின்னுக்கிட்டே சமாளிக்காதீங்க, உக்காருங்க."

"உக்காரவா? பன்னெண்டரை மணிக்கா?" என்று கேட்டாராம் அக்கா.



மழை நின்று நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த நாள் அது. அட்டை எல்லாம் நேராக வந்துகொண்டிருந்தது, எல்லாரும் நல்ல பசியில் இருந்தோம். வரிசையில் நான் ஏழாவது ஆள். எனக்கு முன்னால் நின்ற லோடுக்காரர் தட்டை நீட்டினார். கரண்டி அண்டாவிலிருந்து எழும்பி, பாதியில் நின்றது. அக்காவின் முகம் சுருங்கியது. இடுப்பு மெதுவாக மேசை விளிம்பை நோக்கிப் போனதை நான் பார்த்தேன். ஆனால் அவர் சாயவில்லை. கரண்டியை அண்டாவின் குறுக்கே வைத்தார்.

"எனக்கு வயிறு எரியுது" என்றார். கடைசி ஆளுக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "பத்து நிமிஷம் உக்காந்து சாப்பிடப்போறேன். அவசரம்னா நீங்களே போட்டுக்குங்க."

ஸ்டூலை இழுத்துப்போட்டு எங்கள் எதிரேயே உட்கார்ந்தார். உருளைக்கிழங்குக்காரி ஒரு தட்டில் கொஞ்சம் சோறும் பருப்பும் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அக்கா பிசைந்து, ஒவ்வொரு வாயாக, மென்று மென்று சாப்பிட்டார். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரும் எங்களைப் போலத் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்து நின்றார்.

அக்கா சாப்பிட்டு நாங்கள் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. கரண்டி அண்டாமேல் கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.